சீராய்வா, மறுஆய்வா? ஜீவனாம்ச வழக்கில் குழப்பும் சொற்கள்

ஜீவனாம்ச வழக்கு மேல்முறையீடு வரை போய் முடிந்துவிட்டது, ஆனால் தொகை கட்டுப்படியாகவில்லை. "அடுத்து சீராய்வு மனு போடலாமா?" என்று கேட்பவர்கள் நிறைய. பதில் சொல்வதற்கு முன்னால், அவர்கள் எந்தச் சீராய்வைச் சொல்கிறார்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

"உச்ச நீதிமன்றத்தில் சீராய்வு மனு" என்று செய்தி வந்தால் அது பெரும்பாலும் ரிவியூ. தீர்ப்பு சொன்ன நீதிமன்றத்திடமே போய், மறுபடி பாருங்கள் என்று கேட்பது. நம் ஊர் வழக்குக் கட்டில் 'குற்றவியல் சீராய்வு மனு' என்று இருந்தால் அது ரிவிஷன். கீழ் நீதிமன்றம் சட்டப்படி நடந்ததா என்று மேலே உள்ள நீதிமன்றம் சரிபார்ப்பது. இரண்டு ஆங்கிலச் சொல்லுக்கும் வேர் ஒன்றுதான்: 'திரும்பப் பார்' என்னும் லத்தீன் வினை. சட்டம்தான் அவற்றைப் பிரித்து, இரண்டு தனி வேலைகளைக் கொடுத்தது.

தமிழிலும் அப்படிப் பிரித்தே வைக்கலாம். சீர்தூக்குதல் என்றால் நிறுத்துப் பார்ப்பது. சீராக்குதல் என்றால் கோணலை நிமிர்த்துவது. மேலிருந்து சரிபார்க்கும் ரிவிஷனுக்கு 'சீராய்வு' கச்சிதமாகப் பொருந்துகிறது. அதே நீதிமன்றம் மறுபடி பார்ப்பதற்கு 'மறுஆய்வு' போதும். மேல்முறையீட்டில் குழப்பம் இல்லை. பழந்தமிழில் முறை என்றால் நீதி. முறையிடுவது அதைக் கேட்டு நிற்பது.

ஜீவனாம்சம் வடசொல். ஜீவனம் என்பது பிழைப்பு, அம்சம் என்பது பங்கு. சட்டத் தமிழில் 'பராமரிப்புத் தொகை' என்கிறார்கள், இலங்கையில் 'தாபரிப்பு'. பராமரிப்பு என்பதை வண்டிக்கும் கட்டடத்துக்கும்கூடச் சொல்கிறோம். பங்கு என்ற பொருள் அதில் காணாமல் போகிறது. கேட்பவர் கைநீட்டவில்லை, தன் பங்கைக் கேட்கிறார். தமிழ்ச்சொல் வேண்டுமென்றால் 'வாழ்வுப்பங்கு' என்றே நான் எழுதுவேன்.

சரி, எந்த வாசலுக்குப் போவது? குடும்ப நீதிமன்றம் இந்து திருமணச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் நிரந்தர ஜீவனாம்சம் கொடுத்தால், உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144ஆம் பிரிவாக இருக்கிற வழியில் கொடுத்திருந்தால் மேல்முறையீடு கிடையாது, சீராய்வு மட்டும்தான்.

மேல்முறையீட்டில் தீர்ப்பு வந்துவிட்டால் கீழ் நீதிமன்ற உத்தரவு அதற்குள் கரைந்துவிடும். அப்புறம் மறுஆய்வு கேட்பதென்றால் மேல்முறையீட்டை விசாரித்த நீதிமன்றத்திடம்தான் கேட்க வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 47ஆம் கட்டளை வைக்கும் வரம்பு குறுகலானது. முயன்றும் முன்பு கிடைக்காத முக்கியமான சான்று, ஆவணத்தைப் பார்த்தவுடனே தெரிகிற பிழை, அவற்றுக்கு ஒப்பான காரணம், அவ்வளவுதான். 'தொகை குறைவு' என்று பழைய வாதத்தையே திரும்ப வைத்தால் மனு நிற்காது.

தொகையைப் பற்றிய குறைக்குப் பெரும்பாலும் வேண்டியது சீராய்வும் இல்லை, மறுஆய்வும் இல்லை, மூன்றாவது ஒன்று: 'மாற்றியமைத்தல்'. உத்தரவுக்குப் பிறகு சம்பளம் கூடியிருக்கலாம், நோய் வந்திருக்கலாம். சூழ்நிலை மாறியதைக் காட்டினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ 25ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு இடம் தருகிறது. பழைய 127, இப்போதைய 146ஆம் பிரிவும் அப்படித்தான். இங்கே பழைய தீர்ப்பு தப்பு என்று யாரும் சொல்வதில்லை, நிலைமை மாறிவிட்டது என்றுதான் சொல்கிறார்கள்.

கணவரிடம் ஜீவனாம்சம் கேட்டு ஷா பானு என்ற பெண் தொடுத்த வழக்கில் இந்தச் சொற்கள் வரிசையாக வருகின்றன. 1979இல் இந்தூர் மாஜிஸ்திரேட் மாதம் 25 ரூபாய் கொடுக்கச் சொன்னார். ஷா பானு சீராய்வுக்குப் போக, 1980இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. கணவர் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்து 1985 ஏப்ரலில் தோற்றார். அந்தத் தீர்ப்பின் கடைசியில், சூழ்நிலை மாறியதைக் காட்டினால் 127ஆம் பிரிவில் தொகையைக் கூட்டிக் கேட்க ஷா பானுவுக்கு வழி திறந்தே இருக்கிறது என்றும் நீதிபதிகள் எழுதிவைத்தார்கள்.