பிள்ளைக்குத் தேவை ஆள் மாறாத உதவி

பாலர் பள்ளியில் சிற்றுண்டிக்குக் கொடுக்கும் பிஸ்கட்டைத் தின்னாமல் காற்சட்டைப் பையில் ஒளித்துவைக்கும் ஐந்து வயதுப் பையனைப் பற்றிப் பேசும்போது, 'திருட்டுப் பழக்கம்' என்ற சொல் எளிதில் வந்துவிடுகிறது. சமூக ஊழியராக நான் சந்தித்த அத்தகைய பிள்ளைகள் பலருக்கு, இரவுச் சாப்பாடு உண்டா, அப்பா இன்று அடிப்பாரா என்பதே அன்றாடக் கவலையாக இருந்தது. பிஸ்கட் பெரும்பாலும் தங்கைக்காகவே பையில் இருக்கும்.

ஓயாத அச்சத்தில் வளரும் பிள்ளையின் உடல் எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்தே இயங்குவதால், தூக்கமும் கவனமும் பேச்சும் பாதிக்கப்படுகின்றன. அமெரிக்காவில் 9,500க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்தி, மருத்துவர்கள் ஃபெலிட்டி, அண்டா முதலியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வு, சிறுவயதுத் துன்ப அனுபவங்கள் கூடக்கூட, பிற்காலத்தில் மனச்சோர்வும் மதுப் பழக்கமும் இதய நோயும் கூடுவதைக் காட்டியது.

ஆகவே, காயம் பட்ட பிறகு பிள்ளையைக் காப்பது மட்டும் போதாது. குறைந்த வருமானக் குடும்பங்களைத் தாய் கருவுற்றிருக்கும்போதே நாடிச் செல்லும் கிட்ஸ்டார்ட் திட்டம் சிங்கப்பூரில் 2016இல் தொடங்கியது. சிறுவர், இளையர் சட்டத்தின் பாதுகாப்பை 18 வயதுக்கு உட்பட்டோருக்கும் விரிவாக்கும் திருத்தம் 2019இல் நிறைவேறியது. இரண்டும் சரியான திசையில் எடுத்த அடிகள்.

ஆனால் பிள்ளைக்கு உதவி போய்ச்சேரும் வழி தாய்தான். பண உதவிக்குச் சமூகச் சேவை அலுவலகத்திலும், வாடகை வீட்டுக்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திலும் (வீவக), பிறகு மருத்துவமனையிலும் பள்ளியிலும் அவர் தம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அவரே அடிபட்டு வளர்ந்தவராக இருந்தால், ஒவ்வொரு முறையும் பழைய வேதனை கிளறப்படுகிறது. அடுத்த சந்திப்புக்கு அவர் வராதபோது, 'ஒத்துழைப்பு இல்லை' என்று கோப்பில் எழுதப்படுகிறது. வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது என்ற கட்டுப்பாடும், பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயமும் நம் தமிழ்க் குடும்பங்களில் இதற்கு மேல் சேர்ந்துகொள்கின்றன. ஒரே ஊழியர் சில ஆண்டுகளாவது அந்தக் குடும்பத்தோடு இருந்தால், இந்தப் பயம் மெல்லக் கரைவதை என் பணியில் கண்டிருக்கிறேன். எனவே, எத்தனை குடும்பங்களுக்கு உதவினோம் என்று கணக்கிடும் திட்டங்கள், ஊழியர் எத்தனை முறை மாறினார் என்பதையும் கணக்கிட வேண்டும்; ஒருவர் தாங்கக்கூடிய அளவுக்கே குடும்பங்களை ஒப்படைக்க வேண்டும்.

யாருடைய பரிந்துரையும் இல்லாமல் வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்துக்கு நேரில் செல்லலாம்; தமிழ் பேசும் ஊழியர் வேண்டும் என்றும் கேட்கலாம். வீட்டில் வன்முறை நடந்தால், தேசிய வன்முறை எதிர்ப்பு உதவி எண் 1800-777-0000 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது.