காபித் தோட்டத்து எல்லையை நீங்களே நடந்து அளந்து வையுங்கள்

சேலத்தில் பதினாறு வருடமாக ஏற்றுமதி ஆவண வேலை பார்க்கிறேன். ஷிப்பிங் பில், ஆரிஜின் சான்றிதழ், வங்கிக் காகிதம் என்று எல்லாமே லீ பஜார் பக்கத்து ஆபீசில் உட்கார்ந்தபடி முடிந்துவிடுகிற வேலை. கடந்த இரண்டு மூன்று வருடமாகத்தான் வாரத்துக்கு ஒரு நாளாவது இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு போய், காபிச் செடிகளுக்கு நடுவே கையில் போனோடு வேலி ஓரமாக நடந்துகொண்டிருக்கிறேன். காரணம் பிரஸ்ஸல்ஸில் போட்ட ஒரு சட்டம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்புச் சட்டம். வியாபாரிகள் வாயில் இ.யு.டி.ஆர். 2023 ஜூன் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. காபி, கொக்கோ, ரப்பர், சோயா, பாமாயில், மாடு, மரம் இந்த ஏழும், இவற்றிலிருந்து செய்யும் பல பொருள்களும் ஐரோப்பாவுக்குள் போக வேண்டுமானால், விளைந்த நிலம் 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்து உருவானதாக இருக்கக் கூடாது. எந்த நிலத்தில் விளைந்தது என்று அட்சரேகை, தீர்க்கரேகையோடு காட்டவும் வேண்டும். அதே தோட்டத்தில் விளையும் மிளகுக்கும் கமலா ஆரஞ்சுக்கும் இது கிடையாது, காபிக்கு உண்டு.

இதை மலை மேல் சொன்னால் முதலில் வருகிற பதில், "அதெல்லாம் தள்ளிப் போட்டுட்டாங்களே சார்." உண்மைதான், இரண்டு முறை தள்ளிப்போனது. 2024 டிசம்பர் என்றார்கள், 2025 டிசம்பர் என்றார்கள், இப்போது பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30, சிறிய நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30 என்று நிற்கிறது. ஆனால் இந்தத் தேதியை நம் பருவத்தோடு வைத்துப் பாருங்கள். 2026 நவம்பரில் பறிக்க ஆரம்பிக்கிற பழம் பல்ப்பிங்கில் தோல் நீங்கி, களத்தில் காய்ந்து, உள்தோலோடு கூடிய பார்ச்மென்டாகி, அந்தத் தோலையும் நீக்குகிற கியூரிங் ஆலைக்குப் போய், கப்பல் ஏறி இறங்கும்போது அந்தத் தேதி தாண்டியிருக்கும். அதாவது இப்போது செடியில் இருக்கிற காபிக்கே பதில் சொல்லியாக வேண்டும். சிறிய நிறுவனத்துக்குக் கூடுதல் அவகாசம் என்றால் நம்முடைய சிறு விவசாயிக்கு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது சரக்கை ஐரோப்பியச் சந்தையில் இறக்குகிற நிறுவனத்தின் அளவைப் பொறுத்தது, உங்கள் தோட்டத்தின் அளவை அல்ல.

இரண்டாவது பதில், "நான் உள்ளூர் வியாபாரிக்குத்தானே போடறேன்." சரி, அவர் யாருக்குப் போடுகிறார்? இந்தியக் காபியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெளிநாட்டுக்குத்தான் போகிறது, அதிகம் வாங்குகிற நாடு இத்தாலி. உங்கள் மூட்டை ஃபில்டர் காபிப் பொடியாகக் கும்பகோணம் போகிறதா, இத்தாலிக்குப் போகிறதா என்று களத்தில் நின்று உங்களால் சொல்ல முடியாது. இடம் தெரியாத காபியை இடம் தெரிந்த காபியோடு கலந்துவிட்டால் மொத்த லாட்டும் கெட்டுப்போகும் என்பது இந்தச் சட்டத்தின் முக்கியமான கணக்கு. தப்புக்கான அபராதத்தின் உச்சவரம்பை, இறக்குமதியாளரின் ஐரோப்பிய ஆண்டு விற்றுமுதலில் குறைந்தது 4 சதவீதமாக ஒவ்வொரு உறுப்பு நாடும் வைக்க வேண்டும். அந்தப் பயம் அங்கிருந்து ஏற்றுமதியாளருக்கு, அவரிடமிருந்து வியாபாரிக்கு, கடைசியில் உங்கள் தராசுக்கு இறங்கி வரும். "மேப் இல்லாத காபி" என்று ஒரு தனி விலையும் அதோடு சேர்ந்து வரும்.

மூன்றாவதாக இந்த வருடம் புதிதாக ஒன்று கேட்கிறேன். 2026 ஜனவரியில் இந்தியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் வர்த்தக ஒப்பந்தப் பேச்சை முடித்துவிட்டதாக அறிவித்தார்கள் இல்லையா, அதோடு இந்தச் சட்டம் போய்விடாதா என்று. போகாது. ஒப்பந்தம் வரியைப் பற்றியது, இது அவர்கள் சந்தைக்குள் எந்தப் பொருள் நுழையலாம் என்று அவர்களே போட்டுக்கொண்ட உள்நாட்டுச் சட்டம். வரி பூஜ்யமானாலும் இந்த வாசலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். 2025 மே மாதம் இந்தியாவைக் குறைந்த ஆபத்து நாடுகளின் பட்டியலில் வைத்தார்கள், அது நல்ல செய்திதான். அதனால் இறக்குமதியாளருக்கு ஆபத்தை மதிப்பிடுகிற வேலை குறைகிறது, அங்கே சோதனைக்கு உட்படுபவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான், ஆபத்து அதிகமுள்ள நாட்டுச் சரக்கு என்றால் ஒன்பது பேர். ஆனால் நிலத்தின் இடத்தைக் காட்டுகிற வேலை குறையவில்லை.

இனி நடந்து அளக்கிற விஷயம்.

4 ஹெக்டேர் வரை, அதாவது கிட்டத்தட்ட பத்து ஏக்கர் வரை, நிலத்துக்குள் ஒரே ஒரு புள்ளி போதும். அதற்கு மேல் போனால் எல்லை முழுவதும் கோடாக வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணில் தசமப் புள்ளிக்குப் பிறகு ஆறு இலக்கம் இருக்க வேண்டும். ஆறு இலக்கம் என்றால் ஏறக்குறைய அரைச் சாண் துல்லியம். சிலர் 11.78, 78.21 என்று இரண்டு இலக்கத்தோடு எழுதிக் கொடுக்கிறார்கள், அது ஒரு கிலோமீட்டர் வரை தள்ளிக் காட்டும். பக்கத்து எஸ்டேட்டாகவும் இருக்கலாம், காப்புக்காடாகவும் இருக்கலாம். இன்னும் சிலர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பிவிடுகிறார்கள். காபி விளைவது திண்ணையில் இல்லையே. மூன்று இடத்தில் துண்டு துண்டாக நிலம் இருந்தால் மூன்றுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

ஒரு ஏற்றுமதியாளரின் கோப்பைச் சரிபார்த்தபோது, ஒரு விவசாயியின் தோட்டம் வட துருவத்துக்குப் பக்கத்தில், நார்வே நாட்டு ஸ்வால்பார்ட் தீவுகளின் கடலோரத்தில் போய் உட்கார்ந்திருந்தது. நாம் பேச்சில் அட்சரேகையை முதலில் சொல்கிறோம், நிலத்தின் இடத்தை ஐரோப்பாவுக்குக் காட்டுகிற மின்கோப்பில் தீர்க்கரேகை முதலில் வரும். யாரோ இரண்டையும் மாற்றி ஏற்றிவிட்டார்கள். அதைத் திருத்த எனக்குப் பத்து நிமிடம் ஆனது. யாரும் பார்க்காமல் போயிருந்தால் அந்த லாட்டில் இருந்த எல்லோருடைய சரக்கும் நின்றிருக்கும்.

டிசம்பரில் நாகலூர் பக்கம் ஒரு பாட்டியோடு நடந்தேன். ஒன்றரை ஏக்கர். ஒரு புள்ளி போதும்தான், ஆனாலும் நான் சிறு தோட்டத்துக்கும் எல்லை முழுவதும் நடக்கவே சொல்வேன். பலா மரத்தடியில் ஆரம்பித்தோம். சில்வர் ஓக் நிழலில் போன் தடுமாறும், புள்ளி பத்துப் பதினைந்து அடி அங்கும் இங்கும் தாவும், அதனால் ஒவ்வொரு மூலையிலும் ஒரு நிமிடமாவது அசையாமல் நிற்க வேண்டும். பாட்டி ஒவ்வொரு கல்லாகத் தாமே போய் இலைச்சருகை விலக்கிக் காட்டினார். "இது எங்க மாமனார் நட்ட கல்லு தம்பி, இதுக்கு அந்தாண்ட நம்முளுது இல்ல" என்று இரண்டு முறை சொன்னார். கிழக்கே வந்தபோது கல்லைக் காணவில்லை. புல வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், அவர் பழம் பறிக்கிற கடைசி இரண்டு வரிசை பக்கத்து சர்வே எண்ணுக்குள் போகிறது. இரண்டு வரிசைதான். ஆனால் கோட்டை அங்கே இழுத்தால் பக்கத்துக்காரர் கோட்டோடு மோதும். எல்லைக் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் யாரோ ஒருவர் தப்பு என்று பொருளாகிவிடும். யார் என்று கேட்க பிரஸ்ஸல்ஸிலிருந்து ஆள் வரப்போவதில்லை.

"இந்த அளவ வெளிநாட்டுக்காரங்களுக்குக் குடுத்தா நெலம் போயிருமா?" என்று கேட்டார். ஒருமுறை நிலம் பறிபோன குடும்பங்கள் இருக்கிற மலை, அந்தப் பயம் நியாயமானது. போகாது. அந்த எண்கள் பத்திரம் இல்லை, உரிமையை மாற்றாது. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது, கூட்டுப் பட்டாவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் காபி தள்ளப்படாது. விளைவிக்கவும் விற்கவும் நம் நாட்டுச் சட்டம் பத்திரம் கேட்காதபோது தாங்களும் கேட்பதில்லை என்று ஐரோப்பிய ஆணையத்தின் விளக்கக் குறிப்பே சொல்கிறது. ஆனால் பட்டா மாறுதலை இந்தச் சாக்கிலாவது செய்துவிடுங்கள், அது உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு.

எனக்கு நிஜமான கவலை நிழல் மரத்தைப் பற்றித்தான். அரை ஹெக்டேருக்கு மேல் நிலம், 5 மீட்டருக்கு மேல் வளர்ந்த மரம், பத்து சதவீதத்துக்கு மேல் கிளை மூடல் இருந்தால் காடு என்பது சட்டத்தின் வரையறை. விவசாயம் நடக்கிற நிலத்தை அது விலக்கி வைத்திருக்கிறது, நிழல் மரத்தோடு சேர்ந்த காபியும் விவசாயம்தான். ஆனால் மேலிருந்து படம் எடுக்கிற செயற்கைக்கோளுக்கு சில்வர் ஓக்கின் கீழே இருக்கிற காபி தெரியாது. ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் வெளியிட்ட 2020-ம் ஆண்டுக் காட்டு வரைபடத்தில் இப்படிப்பட்ட நிழல் தோட்டங்கள் காடாகவே விழுந்துவிடுகின்றன. மகள் கல்யாணத்துக்காக 2022-ல் பத்து சில்வர் ஓக் வெட்டி விற்றவர் தோட்டம், பிந்தைய படத்தில் மரம் குறைந்த இடமாகத் தெரியும். கணினியைப் பொறுத்தவரை அது காடழிப்பு. அவருக்கோ நாற்பது வருடக் காபித் தோட்டம்.

இதற்கு நம் கையில் இருக்கிற ஆயுதம் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று அவர் எழுதி வைக்கிற கணக்கு. 2020 டிசம்பர் 31 என்கிற தேதி, வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்கான பசலியில் 1430-க்குள் வருகிறது. அந்தப் பசலி அடங்கலில் உங்கள் சர்வே எண்ணுக்கு நேரே பயிர் காபி என்று ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் நகல் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேறு இல்லை, இதை மலையில் அநேகமாக யாருமே வாங்கி வைத்திருக்கவில்லை. அதோடு மரம் வெட்ட வாங்கிய அனுமதி, காபி வாரியப் பதிவு, சங்கத்தில் எடுத்த பயிர்க்கடன் காகிதம், பழைய போட்டோ எதுவானாலும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். செம்மநத்தம் பக்கம் ஒருவர் தோட்டத்தை ஒரு பெரிய கொள்முதல்காரர் ஆள் அனுப்பி இலவசமாக அளந்து கொடுத்தார். "கொடுத்தார்" என்பது தப்பு, அளந்து எடுத்துக்கொண்டு போனார். அடுத்த பருவத்தில் இன்னொரு வியாபாரி கிலோவுக்கு நல்ல விலை சொல்லி, மேப் இருக்கிறதா என்று கேட்டார். இவரிடம் இல்லை. முதல் ஆளிடம் கேட்டால் இன்று நாளை என்று இழுத்தடித்தார். பருவம் முடிந்துவிட்டது, காபி பழைய இடத்துக்கே பழைய விலைக்கே போனது. தன் நிலத்தின் எல்லையைத் தெரிந்துகொள்ள இன்னொருவர் தயவுக்குக் காத்திருந்தார் அந்த மனுஷன். பூல் முறை இருந்த காலத்தில் காபியை வாரியத்துக்குத்தான் போட வேண்டும், வேறு வழியில்லை. அது 1990-களில் போய், யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்று வந்தது. ஒரு மின்கோப்பால் அந்தச் சுதந்திரம் திரும்பப் போவதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யார் அளந்தாலும் சரி, அந்த இடத்திலேயே, அவர்கள் வண்டி ஏறுவதற்கு முன்பே, கோப்பை உங்கள் போனுக்கோ பிள்ளைகள் போனுக்கோ அனுப்பச் சொல்லி வாங்கிவிடுங்கள். அசல் பட்டா கேட்டால் கொடுக்காதீர்கள், ஓ.டி.பி. சொல்லாதீர்கள், வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இந்த வேலைக்கு இவை எதுவுமே தேவையில்லை.

அரசாங்கத்திடம் எனக்குக் கேள்வி இருக்கிறது. இந்தியா இந்தச் சட்டத்தைப் பற்றி உலக வர்த்தக அமைப்பில் கவலை தெரிவித்தது சரிதான், காபி வாரியம் விவசாயிகளைப் பதிவு செய்ய ஒரு செயலி கொண்டுவந்ததும் நல்லதுதான். ஆனால் சிக்னலே வராத கிராமத்தில் அறுபது வயதுக்காரர் செயலியை வைத்து என்ன செய்வார்? நில அளவை வருவாய்த் துறையிடம் இருக்கிறது, பயிர்ப் பதிவும் அவர்களிடமே, காபிப் பதிவு வாரியத்திடம். இந்த இரண்டு துறையும் உட்கார்ந்து பேசி ஊருக்கு ஒரு நாள் முகாம் போட்டால் வேலை முடிந்துவிடும். தென்னிந்திய நிழல் காபியைக் காட்டு வரைபடத்திலிருந்து தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று டெல்லி பேச வேண்டும். காட்டைக் காப்பாற்றுவதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்த பிறகு சேர்வராயன் மலையில் எவ்வளவு சோலை போயிருக்கும் என்று நினைத்தால் மனது வலிக்கிறது. அதற்காக மரத்தை வைத்துக்கொண்டே காபி வளர்த்தவர் தலையில் அத்தாட்சிச் செலவைக் கட்டுவது நியாயமில்லை.

பாட்டியின் எல்லைக் கோட்டை அன்றைக்கு அந்த இரண்டு வரிசையை விட்டுவிட்டே பலா மரத்தடியில் கொண்டுவந்து மூடினோம். பேரனின் போனுக்குக் கோப்பு போய்விட்டது, சேலத்தில் பிரின்ட் எடுத்து அடங்கல் நகலோடு அவர்கள் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். கிழக்குக் கல்லுக்காக நில அளவைக்குப் பணம் கட்டி விண்ணப்பித்திருக்கிறோம், சர்வேயர் இன்னும் வரவில்லை.