சான்றிதழில் பெயரை முழுக்கக் கேப்பிட்டலில் போடாதீர்கள்

போன மாதம் ஒரு பள்ளிக்கு நூறு சான்றிதழ் அடிக்க வேண்டியிருந்தது. வடிவமைப்பை அவர்களே அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகளின் பெயர்கள் ஆங்கிலத்தில், கையெழுத்துப் போலச் சாய்ந்த மோனோடைப் கார்சிவா எழுத்துருவில், முழுக்கக் கேப்பிட்டலில். மீனாட்சி என்ற பெயரின் ஒன்பது எழுத்துகளும் ஒன்றோடொன்று ஒட்டாமல் வளைந்து நெளிந்து நின்றன. ப்ரூஃபை, அதாவது மாதிரி அச்சை, பார்த்த என் உதவியாளர் எழுத்துக்கூட்டித்தான் வாசித்தார். ஒரு குழந்தை காலமெல்லாம் பத்திரப்படுத்தி வைக்கப்போகும் தாள் அது.

இந்த எழுத்தின் பூர்வீகம் தெரிந்தால் இந்தத் தவறு வராது. ரோமில் போப்பாண்டவரின் அலுவலகக் கடிதங்களை எழுதியவர்களின் கையெழுத்து இது. அவர்களுள் ஒருவரான லுடோவிகோ அர்ரிகி, 1522 என்று தேதியிட்ட 'லா ஓபெரினா' என்ற சிறு நூலில் இதைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தார். பட்டை முனை கொண்ட இறகுப் பேனாவைச் சாய்த்துப் பிடித்து எழுதுவார்கள். கோடு கீழே இறங்கும்போது தடிக்கும், மேலே ஏறும்போது மெலியும். எழுத்துகள் ஒடுங்கி, வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து, நெருக்கமாக ஓடும். அந்த ஓட்டம் முழுக்கச் சின்ன எழுத்துகளில்தான் இருக்கிறது. கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்க ஓரிருவர் போதுமே. கேப்பிட்டலின் வேலையும் அவ்வளவுதான்.

ஜெர்மன் எழுத்துரு வடிவமைப்பாளர் ஹெர்மன் ஸாஃப் இந்தக் கையெழுத்தை அடியொற்றி வரைந்த ஸாஃப் சான்சரி 1979இல் வந்தது. ஆப்பிளின் லேசர்ரைட்டர் பிளஸ் பிரின்டரில் இருந்த 35 எழுத்துருக்களில் அதுவும் ஒன்று. நம் டிடிபி கடைகளுக்குப் பழக்கமானது பட்ரீஷியா சாண்டர்ஸ் வரைந்த கார்சிவா. மைக்ரோசாஃப்ட் ஆபீஸோடு வந்து சேர்ந்தது.

சான்றிதழானாலும் அழைப்பிதழானாலும் நான் இதைப் பெயருக்கும் தலைப்புக்கும் மட்டும் வைத்துக்கொள்வேன். பெயர் 26 பாயிண்ட், முதலெழுத்து மட்டும் கேப்பிட்டல். இனிஷியல் இரண்டு இருந்தால் நடுவே மெல்லிய இடைவெளி விடுவேன். இல்லாவிட்டால் ஒன்றின் சுழிப்பு அடுத்ததன் மேல் ஏறிவிடும். தேதி, பதிவு எண், மண்டப முகவரி, போன் நம்பர் எல்லாம் நிமிர்ந்த எழுத்தில்தான் இருக்க வேண்டும். வயதானவர்கள் அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு வழி தேடுவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று தமிழையும் தேர்வுசெய்து இட்டாலிக் பட்டனை அமுக்கிவிடுகிறார்கள். எழுத்தாணியால் ஓலையில் கீறிக் கீறி உருண்டு வந்தவை நம் எழுத்துகள்; பட்டைப் பேனாவின் தடிப்பும் மெலிவும் அவற்றின் பிறப்பில் இல்லை. கணினி அவற்றைச் சும்மா ஒரு பக்கம் தள்ளிச் சாய்க்கிறது. 'ழ'வின் சுழி நசுங்கிவிடும், 'ணை'யின் வளைவு கோணிவிடும். பார்க்கவே வேதனையாக இருக்கும். தமிழை நிமிர்த்தியே வையுங்கள். பக்கத்தில் சாய்ந்த ஆங்கிலம் இருந்தாலும் இரண்டும் நன்றாகவே சேர்ந்து நிற்கும்.

அந்தப் பள்ளிக்கு இரண்டு ப்ரூஃப் எடுத்துப் போனேன்: முதலாவது அவர்கள் அனுப்பியபடி, இரண்டாவது முதலெழுத்து மட்டும் கேப்பிட்டலில். தலைமையாசிரியை இரண்டையும் மேசையில் வைத்துப் பார்த்தார். பிறகு எதுவும் பேசாமல் இரண்டாவதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.