துளை விழுந்த மாசிக்காயை வாங்காதீர்கள்

நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய் வாங்கியவர்கள் அதை என் மேஜையில் கொட்டி, "இது நல்லதுதானா டாக்டர்?" என்று கேட்பதுண்டு. கேட்பது நல்லதுதான். ஒரே பொட்டலத்தில் நல்லதும் சொத்தையும் கலந்தே வருகின்றன.

உண்மையில் இது காயே அல்ல. துருக்கி, சிரியா, ஈராக், ஈரான் மலைப்பகுதிகளில் இயல்பாக வளரும் குட்டையான ஓக் மரம் ஒன்று உண்டு. இலை சிறிதாக, விறைப்பாக, ஓரத்தில் கூரிய பற்களோடு இருக்கும். அதன் இளங்கிளையில் ஒரு சிறு குளவி முட்டையிடும். உள்ளே புழு வளர வளர, சுற்றிலும் மரத்தின் திசு திரண்டு கெட்டிப்படும். அந்த உருண்டைதான் மாசிக்காய். மரத்தின் நிஜக் காய் வேறு. அது ஒரு சிறு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும்.

"ஏற்காட்டில்தான் நிறைய ஓக் இருக்கிறதே?" என்று கேட்பவர்கள் உண்டு. அது சில்வர் ஓக். காபித் தோட்டத்தில் நிழலுக்காக வைக்கும் ஆஸ்திரேலிய மரம். பெயரில் மட்டும்தான் ஓக்.

சரி, நல்ல மாசிக்காயை எப்படிப் பார்த்து எடுப்பது? ஒன்று முதல் இரண்டரை சென்டிமீட்டர் வரை குறுக்களவு இருக்கும். மேல்பாதியில் சிறு முண்டுகள், காம்புப் பக்கம் வழவழப்பு. நிறம் நீலம் ஓடிய பச்சை அல்லது சாம்பல். கையில் எடுத்தால் கனக்கும். தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் மூழ்கிவிடும். பக்கத்தில் வட்டமாக ஒரு துளை தெரிந்தால் குளவி வெளியேறிவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்டது வெளுத்து, எடை குறைந்து, துவர்ப்பும் மங்கி இருக்கும். ஜாதிக்காயோடு குழப்பிக்கொள்பவர்கள் முகர்ந்து பார்த்தாலே போதும், மாசிக்காய்க்கு அந்த மணம் கிடையாது. பொடியாக வாங்க வேண்டாம், பொடியில் துளை தெரியாது.

இதன் மருந்துக்குணம் முழுக்கத் துவர்ப்பில்தான் இருக்கிறது. எடையில் 50 முதல் 70 சதவீதம் வரை டானின் என்ற துவர்ப்புப் பொருள். அது புரதத்தோடு சேர்ந்து மேல்திசுவை இறுக்கும். அதனால்தான் ஈறில் ரத்தக் கசிவு, வாய்ப்புண், தொண்டைக் கரகரப்புக்கு இதன் கஷாயத்தைக் கொப்பளித்துத் துப்பச் சொல்கிறோம். இரும்புச் சட்டியில் மட்டும் காய்ச்சாதீர்கள், கன்னங்கரேலென்று ஆகிவிடும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதும் மையையே இதையும் இரும்பு உப்பையும் சேர்த்துத்தான் தயாரித்தார்கள். வயிற்றுக்குள்ளும் இதே கதைதான்: இரும்புச் சத்து மாத்திரையோடு இதை உள்ளுக்குச் சாப்பிட்டால் மாத்திரையின் பலன் குறையும். கர்ப்பிணிகளும் ரத்தசோகை உள்ளவர்களும் தாங்களாகவே இதைச் சாப்பிட வேண்டாம்.

பச்சிளங் குழந்தைக்கு உரைமருந்தில் இதை இழைத்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பாட்டிமார்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்லத்தான் வேண்டும்: முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். இழைக்கும் கல்லின் அழுக்கே குழந்தைக்குப் பேதியை உண்டாக்கலாம். குழந்தையின் நாக்கில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு பிறப்புறுப்பு இறுகும் என்று சொல்லி மாசிக்காய்ப் பொடியும் குச்சியும் இணையத்தில் விற்கிறார்கள். உள்ளே வைக்கவே கூடாது. அந்த இடத்தின் சவ்வு வறண்டு, உரசலில் புண்ணாகி, தொற்றுக்கு வழிவிடும். ஏற்கெனவே வைத்துவிட்டு எரிச்சலோ துர்நாற்றமோ இருந்தால், கூச்சப்படாமல் மகப்பேறு மருத்துவரிடம் என்ன பொருள் வைத்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.