பொன் சேர்க்காத பொன்னிறம்: காஷான் சூளைப் புகை செய்த வேலை

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் எடுத்த படம் ஒன்றை வாசகி ஒருவர் அனுப்பியிருந்தார். ஈரானியச் சுவர் ஓடு, 13ஆம் நூற்றாண்டு. “இது தங்க முலாமா? இத்தனை காலம் மங்காமல் எப்படி இருக்கிறது?” என்று கேட்டிருந்தார். அதன் மினுமினுப்பில் ஒரு குன்றிமணித் தங்கம்கூடக் கிடையாது. அது வெள்ளியும் செம்பும் புகையும் சேர்ந்து செய்த வேலை. லஸ்டர் ஓடு என்பார்கள்.

முதலில் காலத்தைச் சொல்லிவிடுகிறேன். 1220களில் செங்கிஸ்கானின் படைகள் ஈரானைச் சூறையாடின. அவர் பேரன் ஹுலாகு 1258இல் பாக்தாதை வீழ்த்தினார். இல்கான்கள் எனப்படும் அவர் வம்சம் 1335 வரை ஈரானை ஆண்டது. ஹுலாகுவின் மகன் அபாகா 1270களில் வடமேற்கு ஈரானில், தக்த்-எ சுலைமானில், ஏரிக்கரையில் இருந்த பழைய சாசானிய (இஸ்லாமுக்கு முந்தைய ஈரானிய அரச வம்சம்) காலத் தீக்கோயிலின் இடிபாடுகள்மேல் அரண்மனை கட்டினார். அதன் சுவர் ஓடுகளில் சீனப் பேரரசரின் சின்னங்களான டிராகனும் பீனிக்ஸும் இருக்கின்றன. ஈரானிய மன்னர்களைப் பாடும் பிர்தௌசியின் காவியமான ஷாநாமாவின் வரிகளும் இருக்கின்றன. மங்கோலிய கானின் உறவினராகவும் ஈரானிய மன்னர்களின் வாரிசாகவும் ஒருசேரத் தெரிய வேண்டும் என்று நினைத்தவரின் வீடு அது.

லஸ்டர் கலை ஈராக்கில் 9ஆம் நூற்றாண்டிலேயே மட்பாண்டத்துக்கு வந்துவிட்டது. ஈரானில் அது செழித்த ஊர் காஷான். அங்கே அபூ தாஹிர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலைச் செய்தது. அந்த வீட்டுப் பிள்ளையான அபுல் காசிம் சூளைக்குப் போகாமல் அரசவை வரலாற்றாசிரியரானார். 1301இல் அவர் ரத்தினங்கள், வாசனைப் பொருள்கள் பற்றி எழுதிய நூலின் கடைசியில் தன் குடும்பத்தின் செய்முறையையும் எழுதி வைத்தார். அந்த ஒரு அத்தியாயத்துக்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அவர் தரும் பக்குவம் இது. பத்துப் பங்கு படிகக்கல் மாவு, ஒரு பங்கு கண்ணாடித் தூள், ஒரு பங்கு வெள்ளைக் களிமண் சேர்த்து ஓடு வனைய வேண்டும். அதன்மேல் வெள்ளை மெருகு (சுட்டால் கண்ணாடியாகும் பூச்சு) பூசிச் சுட வேண்டும். இதுவரை எந்தக் குயவருக்கும் புரியும். பிறகு மனோசிலை, அரிதாரம் என்ற ஆர்சனிக் கனிமங்கள், வறுத்த செம்பு, வெள்ளி முதலியவற்றை அரைத்து, திராட்சைச் சாற்றிலோ காடியிலோ குழைத்து, மெருகின்மேல் சித்திரம் தீட்ட வேண்டும். அதை இதற்கென்றே கட்டிய இன்னொரு சூளையில் 72 மணி நேரம் இளம்புகையில் வைக்க வேண்டும். ஆறிய பின் ஈரமண்ணால் தேய்த்தால் மேலே ஒட்டிய கருகல் போய்ப் பொன்னிறம் வெளிவரும்.

எனக்கு ஆசை தீராத இடம் அந்த இரண்டாம் சூளைதான். அதன் வெப்பம் ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ். இந்தச் சூட்டில் மெருகு உருகாது. ஆனால் அதற்குள் இருக்கும் சோடியம், பொட்டாசியம் அயனிகள் (மின்னூட்டம் பெற்ற அணுக்கள்) இடம்பெயரும் அளவுக்கு இளகும். அவை வெளியேற, தீட்டிய குழம்பிலிருந்து வெள்ளி, செம்பு அயனிகள் அந்த இடங்களில் போய் உட்காரும். இப்போதும் நிறம் வராது. சூளைக்குள் காற்றைக் குறைத்துப் புகைய விட்டால் கார்பன் மோனாக்சைடு பெருகும். அது தூண்டும் ஒடுக்க வினையில் அயனிகள் எலெக்ட்ரான்களைப் பெற்று உலோக அணுக்களாகும். அணுக்கள் கூடி மணிகளாகும். ஒவ்வொரு மணியும் சில நானோமீட்டரிலிருந்து சில பத்து நானோமீட்டர் வரைதான் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). சூடு மிஞ்சினால் குழம்பு மெருகோடு ஒட்டிக்கொள்ளும். குறைந்தால் அயனிகள் உள்ளே நுழையாது. புகை போதாவிட்டால் செம்பு உலோகமாகாது.

அவ்வளவு சிறிய மணியின்மேல் ஒளி விழுந்தால் அதிலுள்ள எலெக்ட்ரான்கள் மொத்தமாக இப்படியும் அப்படியும் ஆடும். சரியான நேரத்தில் தள்ளினால்தானே ஊஞ்சல் உயரப் போகும்? அதுபோல ஒவ்வொரு உலோக மணிக்கும் ஒத்துப்போகும் அலைநீளம் உண்டு. அந்த ஒளியை அது விழுங்கிவிடும். கண்ணாடிக்குள் இருக்கும் வெள்ளி மணி 400 நானோமீட்டருக்குச் சற்று மேலே உள்ள ஊதா, நீல ஒளியை எடுத்துக்கொள்ளும், எஞ்சுவது மஞ்சள். செம்பு மணி 560-570 நானோமீட்டர் பக்கம் பச்சை, மஞ்சள் ஒளியை எடுத்துக்கொள்ளும், எஞ்சுவது சிவப்பு.

ஆனால் மஞ்சள் வேறு, பொன் வேறு. பொன்னுக்கு மினுக்கு வேண்டும். மெருகின் மேற்பரப்பை ஒட்டி, ஒரு மைக்ரோமீட்டருக்கும் மெல்லிய அடுக்கில் இந்த மணிகள் நெருங்கிக் கிடக்கின்றன. இடைவெளி ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியது. அதனால் அவை தனித்தனியே ஒளியைச் சிதறடிக்காமல் ஓர் உலோகத் தகடுபோல ஒன்றாகத் திருப்பி அனுப்புகின்றன. நேரே நின்று பார்த்தால் பழுப்பாகத் தெரியும் ஓடு, விளக்கொளி எதிரொளிக்கும் கோணத்துக்கு நீங்கள் நகர்ந்ததும் பொன்னாக மாறுவது இதனால்தான். மணிகளுக்கு மேலே மெல்லிய கண்ணாடிப் படலமும் இருக்கிறது. வாசகியின் இரண்டாம் கேள்விக்கு விடை அதுவே: நிறம் மேலே பூசப்படவில்லை, கண்ணாடிக்குள் விளைந்திருக்கிறது.

இதையெல்லாம் அறிய உதவிய கருவிகளில் ஒன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் இருக்கும் அக்லே என்ற துகள் முடுக்கி. அருங்காட்சியகத்துக்கு முடுக்கி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பொருளைச் சுரண்டாமல், உடைக்காமல் உள்ளே எந்தத் தனிமம் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்க அதுபோன்ற கருவி வேண்டும். அதற்குச் செலவிடும் பணம் வீண் என்று நான் ஒருநாளும் ஒப்பமாட்டேன்.

அதே நேரம், “அன்றே நானோ தொழில்நுட்பம் தெரிந்திருந்தது” என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றும் பேச்சையும் ஏற்க முடியாது. காஷான் குயவருக்கு அயனியும் எலெக்ட்ரானும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது சூளை. எவ்வளவு புகை, எத்தனை நேரம் என்பதை அப்பாவிடமிருந்து மகன் கற்றுக்கொண்டார். இல்லாத அறிவை அவர்மேல் ஏற்றினால் இருந்த அறிவு மறைந்துபோகும்.

அந்த அறிவு எப்படிப்பட்ட காலத்தைக் கடந்து வந்தது என்று பாருங்கள். பாக்தாத் வீழ்ந்து ஏழே ஆண்டுகளில், 1265இல், அபுல் காசிமின் தந்தை அலி, வராமின் ஊரின் இமாம்சாதா யஹ்யா என்ற புனித அடக்கத்தலத்துக்கு லஸ்டர் மிஹ்ராப் (தொழுகைத் திசை காட்டும் சுவர் மாடம்) செய்து கையெழுத்திட்டார். அபுல் காசிமின் சகோதரர் யூசுப் 1334இல் கும் நகரத்துக்கு இன்னொன்று செய்தார். மறு ஆண்டு கடைசிப் பெரிய இல்கான் அபு சயீத் ஆண் வாரிசின்றி இறந்தார், ஆட்சி சிதறியது. பெரிய லஸ்டர் ஓட்டு வேலைகளும் அடுத்த சில ஆண்டுகளில் நின்றுவிட்டன.