ரெக்லமேஷன் – விளைநில மீட்பு

ரெக்லமேஷன் (reclamation) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இங்கே பொருள்: சுரங்கத்துக்காகத் தோண்டிய நிலத்தை மறுபடியும் பயிர் விளையும் நிலமாக்குதல்.

வேர்ச்சொல் லத்தீனின் 'ரெக்லமாரே'. எதிர்த்துக் குரலெழுப்புதல் என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது வேட்டைக்காரர் சொல்: பறக்கவிட்ட வல்லூறைக் கூவித் திரும்ப அழைப்பது. பிறகு அடங்காததைப் பழக்குவது என்று விரிந்து, 18ஆம் நூற்றாண்டில் நிலத்துக்கும் ஆகி வந்தது.

தமிழில் மீளுதல் தானே திரும்புவது, மீட்டல் திரும்பக் கொண்டுவருவது. அடகு நகையை மீட்கிறோம். பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்பதைப் புறப்பொருள் வெண்பாமாலை கரந்தை என்று தனித் திணையாகவே வைத்தது. பறிபோனதன் மேலுள்ள உரிமை அந்தச் சொல்லிலேயே ஒலிக்கிறது. ஆனால் வெறும் 'நில மீட்பு' போதாது. ஆக்கிரமிப்பை அகற்றுவதும் கடலைத் தூர்ப்பதும்கூட அந்தப் பெயரில்தான் வருகின்றன. அதனால் 'விளைநில மீட்பு' என்பதே என் தேர்வு. 'பசுமையாக்கம்' என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மண்மேட்டில் மரக்கன்று நட்டாலும் அது பசுமையாக்கம்தான். வயல் திரும்பி வந்ததாகாது.

ஏனென்றால் இழந்தது மேல்மண். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே பல பத்து மீட்டர் மணலும் களியும் கிடக்கின்றன. வாரிக் கொட்டும்போது அடிமண் மேலே வந்துவிடுகிறது. அதில் மட்கிய இலைதழையும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மிகக் குறைவு. ஜெர்மனியில் கொலோன் நகருக்கு மேற்கேயுள்ள பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில், பனியூழியில் காற்று கொண்டுவந்து படிந்த லோயஸ் என்னும் வளமான மண்ணைத் தனியாக எடுத்து, நிரப்பிய குழியின்மேல் சுமார் 2 மீட்டர் கனத்துக்குப் பரப்புகிறார்கள். கனரக வண்டி ஏறினால் மண் இறுகிப்போகும் என்பதால் சமன்படுத்துவதிலும் அத்தனை கவனம். முதல் 3 ஆண்டு குதிரை மசால் என்னும் தீவனப் பயிர். அதன் ஆழ்ந்த வேர் மண்ணைத் தளர்த்துகிறது, வேர்முடிச்சு தழைச்சத்தைச் சேர்க்கிறது. அப்புறம்தான் தானியப் பயிர். ஏறத்தாழ 7 ஆண்டு இப்படிப் பக்குவப்படுத்திய பிறகே நிலம் உழவர் கைக்குப் போகிறது.

வினையாக எழுதும்போது 'திருத்து' கைகொடுக்கும். கரம்பு நிலத்தைத் திருத்துவது நம் ஊர்ப் பேச்சுதானே. 'சுரங்க நிலத்தைத் திருத்தி விளைநிலமாக மீட்டனர்' என எழுதலாம். குழியைத் தூர்த்து நிரவிய கட்டத்திலேயே 'மீட்கப்பட்டது' என்று செய்தியிலோ அறிக்கையிலோ எழுதக் கூடாது. அது 'சமன்படுத்திய நிலம்' மட்டுமே.