கோடு இல்லாத இடத்திலும் நரம்பு இருக்கலாம்

மூளையின் நரம்புப் பாதைகளை வண்ண நூல்களாகக் காட்டும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை புகைப்படங்கள் அல்ல, கணக்குப் போட்டு வரைந்தவை. எம்.ஆர்.ஐ. கருவி அளப்பது தண்ணீர் மூலக்கூறுகளின் நகர்வைத்தான். வாழைநாரில் ஈரம் நாரின் போக்கிலேயே ஊறுவதுபோல, மூளையிலும் தண்ணீர் நரம்பிழையின் போக்கில் எளிதாக நகரும், குறுக்கே தடைபடும். இந்தத் திசையைக் கணக்கிடும் முறையை பீட்டர் பாஸர் குழுவினர் 1994-இல் வெளியிட்டார்கள். இடத்துக்கு இடம் கிடைக்கும் திசைகளைத் தொடுத்தால் கோடு வந்துவிடும்.

ஆனால் கருவி பிரித்துப் பார்க்கும் மிகச் சிறிய இடமே சுமார் 2 மில்லிமீட்டர் கனசதுரம். அதற்குள் லட்சக்கணக்கான நரம்பிழைகள் அடங்கும். இரண்டு பாதைகள் அங்கே குறுக்கிட்டால் கணக்கு தடுமாறும். கூர்மையாக வளையும் பாதையும் தப்பிவிடும். மூளையின் பக்கவாட்டுப் பகுதியான பொட்டு மடலில் முன்னோக்கிப் போய்த் திரும்பும் மேயர் வளைவு என்ற பார்வைப் பாதை அப்படிப்பட்டது. வலிப்பு நோய்க்கான அறுவையில் அது வெட்டுப்பட்டால், எதிர்ப்பக்கப் பார்வையின் மேல் கால்பகுதி போய்விடும். வளைவின் முனை ஆளுக்கு ஆள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல்கூட மாறுவதால் பொதுவான வரைபடமும் போதாது.

அதனால்தான் வழுவழுப்பான ஒற்றைக் குழாயாகப் பாதையை வரைவதை நான் ஆபத்து என்கிறேன். அதன் விளிம்புக்கு வெளியே எதுவுமில்லை என்று கண் நம்பிவிடும்.

நிகழ்தகவு முறை வேறு மாதிரி. அளவீட்டில் இருக்கும் பிசகைக் கணக்கில் சேர்த்து, திசையைச் சற்றே மாற்றி மாற்றி, ஒரே பாதையை 5,000 முறைகூடத் தேடுவார்கள். பெரும்பாலான தடவை கோடு போன இடம் அடர்ந்த நிறத்தில் நடுவில் தெரியும். அரிதாகப் போன இடங்கள் வெளிறிய உறைகளாக அதைச் சுற்றி நிற்கும். வெளி உறையை எங்கே நிறுத்துவது என்பது மருத்துவர் கையில். ஓரத்தை உரசினால் என்ன இழப்பு என்று யோசித்தே அதை முடிவு செய்ய வேண்டும்.

சரி, இந்த உறைகள் எல்லாப் பிழையையும் காட்டுமா? காட்டாது. மூளைக் கட்டியைச் சுற்றி வீக்கம் இருந்தால் உயிருள்ள நரம்பும் கணக்கில் மறையும். மண்டை ஓட்டைத் திறந்ததும் மூளையே இடம் நகரும். நேற்று எடுத்த படம் அப்படியே பொருந்தாது. எனவே கை, கால் அசைவுக்கான பாதையை நெருங்கும்போது மின்முனையால் தொட்டுப் பார்க்கிறார்கள். 5 மில்லியாம்பியரில் கை துடித்தால் பாதை ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது, 2-இலேயே துடித்தால் மிக அருகில்.